"வெள்ளம் வந்தா நல்லதுதானே!" – குமரி மாவட்டத்தில் ஆறு நாள்

முதல் நாள், இரவு, மார்த்தாண்டம்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் பஸ் நுழைந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலே என் ஜன்னலைச் சாத்திவிட்டார். அப்படி ஒரு காற்று. இரண்டு பக்கமும் காற்றாலைகள். மதுரையிலிருந்து கோவில்பட்டி, நெல்லை என்று காய்ந்த மண்ணாகவே பார்த்துக்கொண்டு வந்த கண்ணுக்குக் கணவாய் தாண்டியதும் வயல், குளம், தென்னை, மறுபடி குளம். அக்டோபர் நடுவில் வைகையில் மணல் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இதெல்லாம் கொஞ்சம் பொறாமைதான்.

ஏன் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பல்கலைக்கழகக் குழு இந்த மாவட்டத்து ஆறுகளில் வெள்ளம் எப்போது, எவ்வளவு வரும் என்று முன்கூட்டிக் கணிக்கப் பார்க்கிறது. அதோடு, பள்ளிக்கூடங்களில் வெள்ளம், கடல் சீற்றம் பற்றி வகுப்பும் எடுக்கிறார்கள். துண்டறிக்கையும் செல்போன் குறுஞ்செய்தியும் தமிழில் எழுதித்தர ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கு நீரியல் தெரியாது, சந்திப்பிழை தெரியும். அந்தத் தகுதியில் வந்திருக்கிறேன்.

குழுவில் ஒரு பேராசிரியர் (எல்லாருக்கும் "மேடம்"), இரண்டு ஆய்வு மாணவர்கள், ஒரு ஜீப், ஜீப்பை யாருக்கும் தராத டிரைவர் அண்ணன். மாணவர்களில் ஒருத்தி கருங்கல்காரி, உள்ளூர்ப் பிள்ளை. இன்னொருவன் சேலம். இரவுச் சாப்பாடு மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். சேலத்துக்காரன் இரண்டு வருடமாக இதைத்தான் சாப்பிடுகிறானாம், இன்னும் சலிக்கவில்லை என்கிறான். மூன்றாவது தட்டு வாங்கியபோது நம்பினேன்.

இரண்டாம் நாள், பேச்சிப்பாறை

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். குலசேகரம் தாண்டியதும் ரப்பர்தான். ஒவ்வொரு மரத்திலும் பால் வடிய ஒரு சிரட்டை, அதற்கு மேலே மழை படாமல் இருக்க பிளாஸ்டிக் பாவாடை.

பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடித்தது. அப்போது இது திருவிதாங்கூர், மூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டிய பொறியாளர் மிஞ்சினை அணைப் பக்கத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். முழு நீர்மட்டம் 48 அடி, பக்கத்துப் பெருஞ்சாணி அணைக்கு 77. இதை மேடம் சொல்வதற்கு முன்னால் டீக்கடைக்காரர் சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் பேப்பரில் தங்கம் விலைக்கு முன்னால் அணை மட்டத்தைப் பார்ப்பார்களாம்.

அணையைச் சுற்றிப் பார்க்க நேரம் தரவில்லை. வேலை ஒரு எஸ்டேட்டுக்குள். அங்கே குழு வைத்த தானியங்கி மழைமானி இரண்டு வாரமாக ஒரு சொட்டு மழை கூடப் பதியவில்லை. பேச்சிப்பாறையில், அக்டோபரில்!

மழைமானியை முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தேன். மேலே ஒரு புனல். உள்ளே சிறுபிள்ளைகள் ஏறி ஆடும் சீசா மாதிரி இரண்டு குட்டிக் கரண்டிகள். ஒரு கரண்டியில் 0.2 மில்லிமீட்டர் மழைக்குரிய தண்ணீர் சேர்ந்ததும் எடை தாங்காமல் சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு 'டிக்'. எத்தனை டிக், எத்தனை நிமிடத்தில் என்று எண்ணினால் மழை எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்பது கிடைத்துவிடும். சேலத்துக்காரன் மூடியைத் திறந்தான். புனல் வாயில் ரப்பர் இலை ஒன்று சாணி உருண்டை மாதிரி மக்கி அடைத்திருந்தது. கீழே கரண்டிக்குள் எறும்புக் கூட்டம், வெள்ளை வெள்ளையாக முட்டையோடு. சீசா அசையவே முடியாது. அவன் பல் துலக்கும் பிரஷ் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தான். இதற்கென்றே வைத்திருக்கிறானாம். எறும்பு கையில் ஏறி, முழங்கை வரை கடித்து, அரை மணி நேரம் ஆயிற்று.

சரி, போன இரண்டு வாரக் கணக்கு? எஸ்டேட் மேற்பார்வையாளர் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார். தேதி வாரியாகக் கைப்பட எழுதிய மழை அளவு. அதுவும் அங்குலத்தில். வருடக்கணக்கில் விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

"மழ பெஞ்சா பால்வெட்டு இல்ல. வெட்டு இல்லேன்னா கூலி இல்ல. இதுல எப்படி சார் கணக்கு தப்பும்?"

மேடம் முகத்தைப் பார்க்க வேண்டுமே, புதையல் கிடைத்தவர் மாதிரி. கருங்கல் பிள்ளை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தாள். நாளுக்கு ஒரு அளவுதான், எந்த மணியில் பெய்தது என்று இதில் இல்லை. ஆனாலும் எறும்பு தின்ற கணக்குக்கு இது மேல்.

திரும்பும் வழியில் ரப்பர் மரங்களைக் காட்டி மேடம் சொன்ன விஷயம் ராத்திரி வரை மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று கணினிக்குத் தெரிய வேண்டும். 2000-ம் ஆண்டு ஒரு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வைத்து உலகத்தின் பெரும்பாலான நிலத்தை அளந்தார்கள், அந்த வரைபடம் இலவசம். ஆனால் அந்த ரேடார் அடர்ந்த இலைக் கூட்டத்தைத் தாண்டி முழுசாகத் தரைக்கு இறங்காது. அதனால் ரப்பர் தோட்டம் இருக்கும் இடமெல்லாம் தரையே சில மீட்டர் உயர்ந்த மாதிரி பதிந்திருக்கும். ஆற்றங்கரைத் தோட்டத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், கணினியோ அது மேடு, தண்ணீர் ஏறாது என்று அடித்துச் சொல்லும். அதனால்தான் ஒவ்வொரு தோட்டமாக நடந்து தரையை அளக்கிறார்கள். அந்த வரைபடத்தை அப்படியே நம்புவது, ஐந்து வயதுப் பையன் ஸ்டூல் மேல் ஏறி நின்று உயரம் காட்டுவானே, அதை நம்பிச் சட்டை தைக்கிற மாதிரி.

இன்னொன்று. மேட்டூரில் திறந்தால் திருச்சிக்குத் தண்ணீர் வர நாள் கணக்கில் ஆகும். இங்கே மலை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் ஆறு ஓடவே இடம் குறைவு. எல்லாம் மணிக் கணக்குதான். "அதனால அணையில திறந்த பிறகு சொல்றது லேட். மலையில பெய்யும்போதே சொல்லணும்" என்றார்.

மூன்றாம் நாள், ஆற்றோடு கீழே

திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை. பார்த்துவிட்டு நேந்திரம்பழ பஜ்ஜி தின்றோம், அவ்வளவுதான்.

திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் கோதையாறும் பரளியாறும் சேர்கின்றன. அதன் பிறகு குழித்துறை ஆறு, அதாவது இந்த ஊர்த் தாமிரபரணி. நெல்லைத் தாமிரபரணி வேறு, இது வேறு. ஒரு துண்டறிக்கையில் வெறும் "தாமிரபரணி" என்று போட்டிருந்தேன், சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார்கள். பரளித் தண்ணீரில் ஒரு பங்கைப் பாண்டியன் கால்வாய் வழியாகப் பழையாற்றுக்குத் திருப்பி நாஞ்சில் நாட்டு வயலுக்குக் கொண்டுபோனது இன்று நேற்று நடந்த வேலை இல்லை. ஆற்றுக்கு ஆறு கை மாற்றி விடுகிற ஊர். ஒரு ஆற்றை மட்டும் தனியாகப் பிடித்துக் கணக்குப் போட முடியாது என்று சேலத்துக்காரன் புலம்புவது இதற்குத்தான்.

குழித்துறைக்குக் கீழே ஒரு படித்துறை. பாலத்தடியில் சென்சார் மாட்டியிருக்கிறார்கள். மேலிருந்து அலையை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து நீர்மட்டம் சொல்லும். அதைச் சரிபார்க்க மேடம் அளவுகோலோடு இறங்க, குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார்.

"என்ன அளக்குதிய?"

"தண்ணி மட்டம் பாட்டா" என்றாள் கருங்கல் பிள்ளை.

"அதுக்கு எதுக்கு இவ்வளவு சாமானம்? இன்னைக்கு ஒம்பதாம் படி. எட்டு முங்கிக் கெடக்கு."

2021 நவம்பர் மழையைப் பற்றிக் கேட்டோம். அந்த மழையில் இரணியல், குழித்துறைப் பக்கம் தண்டவாளம் பாதித்து ரயில்களை நிறுத்தினார்களே, அதே மழை. "படியே தெரியல்ல. அந்த ஆலமரத்துக்க வேருல வெள்ளம் நின்னுது" என்று கைகாட்டினார். மேடம் ஓடிப்போய் வேரின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டார். இப்படி ஒவ்வொரு ஊரிலும் கிடைக்கும் வேர், சுவர், ஜன்னல் விளிம்பு எல்லாம் சேர்ந்துதான் பழைய வெள்ளத்துக்குக் கணினி போடும் கணக்கு சரியா தப்பா என்று பார்க்க உதவுகிறதாம்.

அப்புறம்தான் என் மானம் போன சம்பவம். டீ குடிக்க உட்கார்ந்த இடத்தில் என் குறுஞ்செய்தி வரைவைக் கடைக்கார அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "இன்று இரவு உங்கள் பகுதியில் வெள்ளம் வர வாய்ப்பு உள்ளது."

அந்த அம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "வந்தா நல்லதுதானே! ரெண்டு நாளா பைப்புல வெள்ளமே இல்ல."

கருங்கல் பிள்ளை சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கல்குளம், விளவங்கோடு பக்கம் குடிக்கிற தண்ணீரே வெள்ளம்தான். "கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்றால் ஒரு டம்ளர் தண்ணீர். பெரியவர் "வேருல வெள்ளம் நின்னுது" என்றதும் இந்த அர்த்தத்தில்தான், நான் என் அர்த்தத்தில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். டிவி பார்க்கிறவர்களுக்கு, பேப்பர் படிக்கிறவர்களுக்கு "வெள்ள எச்சரிக்கை" என்றால் என்னவென்று தெரியாமலில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒரு பாட்டி போனைப் பார்க்கிறார் என்று வையுங்கள். ஒரு நொடி குழம்பினாலும் அது என் தப்பு.

இருபது வருடமாகத் தமிழ் எழுதிச் சம்பாதிக்கிறேன். ஒரு டீக்கு இவ்வளவு பெரிய பாடம் கிடைத்ததில்லை. டீ எட்டு ரூபாய்.

நான்காம் நாள், பள்ளிக்கூடம்

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்பு. மேடம் "ஆரஞ்சு அலர்ட்னா என்ன?" என்று ஆரம்பித்தார். மூன்றாம் பெஞ்சிலிருந்து பதில் வந்தது: "லீவு!" "ரெட் அலர்ட்?" "ரெண்டு நாள் லீவு!"

மேடமும் சிரித்தார். அப்புறம் ஸ்கேலை எடுக்கச் சொன்னார். 24 மணி நேரத்தில் 6.45 சென்டிமீட்டரைத் தொட்டால் கனமழை, 11.56-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 20.44-ஐத் தாண்டினால் அதிகனமழை. இது வானிலைத் துறைக் கணக்கு. 20 சென்டிமீட்டர் என்றால் ஸ்கேலில் இவ்வளவுதானா என்று பிள்ளைகள் அலட்சியமாகப் பார்த்தார்கள். "சரி, உங்க வகுப்புக் கூரை பத்து மீட்டருக்கு ஆறு மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் பெஞ்சா ஒரு லிட்டர். கணக்குப் போடுங்க." பன்னிரண்டாயிரம் லிட்டர். இந்த ஒரு கூரையில் மட்டும் ஒரு டேங்கர் லாரி. வகுப்பு கொஞ்சம் அமைதியானது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அதை மேசைக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் காட்டியதும் இன்னும் அமைதி.

பிறகு எல்லாரும் ஆற்றங்கரைக்கு. ஒரு கதம்பையை (தேங்காய் மட்டைதான்) வீசி, இருபது மீட்டர் தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று எண்ணினார்கள். மேல்தண்ணீர் வேகமாக ஓடும், அடித்தண்ணீர் மெதுவாக ஓடும், அதனால் கிடைத்த வேகத்தை 0.85-ஆல் பெருக்க வேண்டும். அகலம், ஆழம் சேர்த்தால் விநாடிக்கு எத்தனை கனஅடி என்பது வந்துவிடும். ஒரு கனஅடி 28 லிட்டர். "பேப்பர்ல ஆயிரம் கனஅடி திறப்புன்னு போடுறாங்களே, அப்போ விநாடிக்கு ரெண்டு லாரிக்கு மேலயா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. இத்தனை வருடம் அந்த எண்ணை வெறும் எண்ணாகப் படித்திருக்கிறேன்.

மதியம் வரைபடம். ஊரை நடந்து பார்த்து, தண்ணீர் ஏறும் இடத்துக்கு நீலம், போகக்கூடிய மேட்டுக்குப் பச்சை. விளை என்று முடியும் இடங்கள் பெரும்பாலும் மேடு. ஏலா என்றால் பள்ளமான வயல். ஊர்ப் பெயரே பாதி வரைபடம். ஒரு பையன் தன் வீட்டுக்கு நீலம் அடித்துவிட்டு, "இது ஏலாவா இருந்ததாம், மண்ணு அடிச்சு வீடு வச்சாங்க. ஆனா அம்மா திட்டுவா" என்று பச்சையாக மாற்றப் பார்த்தான். மேடம் அவன் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நீலமாகவே விடச் சொன்னார்.

ஜப்பானின் கமைஷி கதையும் சொன்னார். அப்போது குன்மா பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் கதாதா அந்த ஊர்ப் பள்ளிகளில் பல வருடம் பாடம் நடத்தியவர். அவர் பிள்ளைகளுக்குச் சொன்னவற்றில் ஒன்று, வரைபடத்தை அப்படியே நம்பாதே என்பது. 2011 மார்ச் 11 அன்று சுனாமி வந்தபோது வரைபடப்படி அங்கே இரண்டு பள்ளிகள் பாதுகாப்பான இடத்தில்தான் இருந்தன. பிள்ளைகள் அங்கே நிற்கவில்லை. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே ஓடினார்கள். பள்ளிகளைக் கடல் மூடியது. ஊரில் கிட்டத்தட்ட மூவாயிரம் பள்ளிப் பிள்ளைகளில் மிகச் சிலர் தவிர எல்லாரும் தப்பினார்கள். "அப்போ நாம இதை எதுக்கு வரையுதோம்?" என்று கேட்டான் பென்சில் பையன். நியாயமான கேள்வி. மேடம் யோசித்துவிட்டு, "வரைஞ்சதால உன் வீடு எங்க இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சுதுல்ல" என்றார். அவன் முகத்தில் முழுத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

கடைசியில் படித்துறை. குறுஞ்செய்தியில் மீட்டர் வேண்டாம், படிக் கணக்கு போடலாம் என்று நேற்று ராத்திரி நான்தான் யோசனை சொல்லியிருந்தேன். "இன்னைக்கு எத்தனாம் படி?" என்று கேட்டேன். பிள்ளைகள் ஒரே குரலில் "ஆறு!" என்றார்கள். நேற்றுப் பெரியவர் சொன்னது ஒன்பது, தண்ணீரோ அங்கேயேதான் நிற்கிறது. பிறகு புரிந்தது: மொத்தம் பதினான்கு படி. பெரியவர் அடியிலிருந்து எண்ணுகிறார், பிள்ளைகள் மேலிருந்து எண்ணுகிறார்கள். என் யோசனைக்கு அற்ப ஆயுசு.

ஐந்தாம் நாள், தேங்காய்ப்பட்டணம்

ஆறு கடலில் சேரும் இடம். பொழிமுகம் என்கிறார்கள். அலை கொண்டுவந்து போடும் மணல் வாயை அடைத்தால் மேலே வரும் வெள்ளத்துக்கு (மதுரை வெள்ளம்!) வழியில்லாமல் பின்வாங்கும். கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் மங்காடு, வைக்கல்லூர் பக்கத்து ஆட்கள் பாவம். அதனால் கணினிக்கு மலை மழையோடு கடல் மட்டமும் தர வேண்டியிருக்கிறது.

வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணன்களிடம் என் துண்டறிக்கையைக் காட்டினேன். 'உயர் அலை எழுச்சி' என்று நான் கஷ்டப்பட்டு எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "கள்ளக்கடலா?" என்றார் ஒருவர். அதேதான். இங்கே காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், எங்கோ இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் அலை நாள் கணக்கில் பயணம் செய்து திருடன் மாதிரி வந்து கரையேறும். 2012-ல் யுனெஸ்கோவே இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் இருக்கும், கடல் நிலவரம் சொல்லும் இன்காய்ஸ் நிறுவனம் இப்போது அதே பெயரில் எச்சரிக்கை விடுகிறது. 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனது அப்படி ஒரு எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். வெளியூர்ப் பிள்ளைகளிடம் அந்தச் சொல் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.

ஒக்கி புயல் பற்றி நான் கேட்கவில்லை. அவர்களாகவே சொன்னார்கள். 2017 நவம்பர் 30. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல நாள் முன்னாலேயே கிளம்பி எங்கோ தூரத்தில் இருந்தன. கரையில் சொன்ன அறிவிப்பு கரையோடு நின்றது. அதற்கு மேல் அந்த அண்ணன் பேசவில்லை, வலைக்கண்ணை எண்ண ஆரம்பித்தார். நாங்களும் கிளம்பினோம்.

ஆறாம் நாள், கிளம்பும் நாள்

காலையில் எனக்கும் மேடத்துக்கும் சண்டை. படிக்கு மேலிருந்து எண் எழுதிவிடுவது என்று முடிவாகியிருந்தது. அதை வைத்து என் புது வரைவு இது:

"ஆறு ஏறுது. ராத்திரி 11 மணிக்குள்ள 4-ம் எண் படி முங்கும். சப்பாத்து வழியா யாரும் போகாதீங்க. ஏலாவுல கட்டின மாட்டை இப்பவே மேட்டுக்கு மாத்துங்க." (சப்பாத்து என்றால் இங்கே ஆற்றைக் கடக்கும் தாழ்வான பாலம்.)

"முங்கும்னு எப்படிச் சொல்வீங்க? முங்க பத்துக்கு ஏழு வாய்ப்பு."

"பத்துக்கு ஏழுன்னா மாட்டை யாரும் அவுக்க மாட்டாங்க மேடம்."

"ரெண்டு தடவை முங்காம போனா மூணாவது தடவை செய்தியையே பார்க்க மாட்டாங்க."

இரண்டு பேர் சொல்வதும் சரி. "முங்கலாம்" என்று போட்டு, "மாட்டை மாத்துங்க" என்பதை மட்டும் தயக்கமில்லாமல் விட்டோம். எப்படியும் இது பள்ளிக்கூடப் பயிற்சிக்கும் முப்பது வீட்டுச் சோதனைக்கும்தான். உண்மையான எச்சரிக்கை ஆட்சியர் அலுவலகத்திலிருந்துதான் வர வேண்டும், அதைச் செய்தியின் கடைசி வரியில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். முதல் வரி "வெள்ள எச்சரிக்கை" போய், "ஆறு ஏறுது" நின்றதில் எனக்குத் திருப்தி.

படிக்கு எண் எழுத மஞ்சள் பெயிண்ட் வாங்கியாகிவிட்டது. ஆனால் படித்துறை யாருடையது, யாரிடம் அனுமதி கேட்பது என்று இரண்டு அலுவலகத்தில் விசாரித்ததில் இரண்டுமே மற்றதைக் கை காட்டின. அதுவரைக்கும் என்று பிள்ளைகள் நேற்றே சாக்பீஸால் எழுதியிருந்தார்கள், மேலிருந்து 1, 2, 3. பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "தல கீழா எழுதி வச்சிருக்கிய" என்றாராம். பிறகு பேத்தி சொல்லி ஒத்துக்கொண்டாராம்.

மதியம் மார்த்தாண்டத்தில் பஸ் ஏறும்போது தூறல். தக்கலை வரும்போது வைப்பர் போதவில்லை. ஆரல்வாய்மொழி தாண்டியதும் சொல்லி வைத்த மாதிரி வெயில், காய்ந்த ரோடு. அப்போது கருங்கல் பிள்ளை போன் செய்தாள்.

"அண்ணா, ஆறு ஏறுது. பாட்டா போன் பண்ணினாரு."

"எத்தனாம் படி?"

"அஞ்சுங்காரு. மேலேயிருந்தா, கீழேயிருந்தான்னு கேட்டா, மழையில சாக்பீஸ் அழிஞ்சு போச்சு, எந்த அஞ்சுன்னு எனக்கும் இப்ப சொல்லத் தெரியலேங்காரு. ஜீப்புல பெயிண்டு இருக்கு. நாங்க போயிட்டிருக்கோம்."